நாடகத்துக்குச் செய்த டச்சு வாளைப் பழசாக்குவது எப்படி?

குளச்சல் வாசகசாலை:
ஆண்டு விழாவுக்குக் குளச்சல் போரை நாடகமாகப் போடுகிறோம். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றது, பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தது, எல்லாம் வருகிறது. டி லனாய் வாளை நான் செய்கிறேன். அலகு எம்எஸ் (சாதா இரும்பு) பட்டை, கிரைண்டரில் வடிவம் எடுத்தது, முனையும் ஓரமும் மழுங்கல். கைக்காப்பு பழைய பித்தளைத் தாம்பாளத்தை வெட்டி வளைத்தது. உறை ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. வேலை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் மொத்தமும் பளபளவென்று நேற்று கடையில் வாங்கியதுபோல் நிற்கிறது. கறுப்பு பெயிண்டைப் பூசித் துடைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை, முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பெயிண்ட் பெயிண்டாகத்தான் தெரியும். நிஜமான துரு, நிஜமான களிம்பு வேண்டும். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையைப் பார்த்தால் எப்படி வயது தெரிகிறதோ அப்படி. உப்புக்காற்றில் போட்டுக் காத்திருக்க நாள் இல்லை.

மார்த்தாண்டம் பட்டறை:
அலகு ஒரே நாள் வேலை. முதலில் எண்ணெய்ப்பசை போகத் தின்னரால் துடைத்து, பட்டையின் மேலுள்ள கருநீலப் படலம் போகும்வரை உப்புத்தாள் போடுங்கள், அந்தப் படலம் இருந்தால் துரு திட்டுத்திட்டாக ஏமாற்றும். வினிகரைத் தெளித்து வெயிலில் காயவிடுங்கள், இரண்டு மூன்று தடவை. அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டருக்கு வினிகர் 60 மில்லி, உப்பு அரை மேசைக்கரண்டி என்று கலந்து தெளித்தால் கண்முன்னாலேயே செம்மண் நிறம் ஏறும். காயக் காய மறுபடி தெளித்தால் கனம் கூடும். எஞ்சிய கலவையை மூடி போட்ட பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும். கையுறை, கண்ணாடி, திறந்தவெளி, மூன்றும் கட்டாயம்.

ஜிஐ உறை இப்படித் துருப்பிடிக்காது. மேலே துத்தநாகம் இருக்கிறது, அதை உப்புத்தாளாலோ வினிகரில் ஊறவைத்தோ எடுத்தால்தான் கீழே இரும்பு. நெருப்பில் காட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

தக்கலை வரலாற்று ஆர்வலர்:
மேலே சொன்ன முறை சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள் தம்பி. மேடையில் அந்த வாளைப் பிடித்திருப்பவர் யார்? 1741-இல் உயிரோடு நிற்கிற டி லனாய். அவர் கையில் இருந்தபோது அது பழைய வாள் இல்லையே, தினமும் துடைத்து எண்ணெய் போட்ட வாள். அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் துரு பின்னால் வந்தது. துருப்பிடித்த வாளோடு அவரை நிறுத்தினால், ஆயுதத்தைப் பேணத் தெரியாத ஆள் என்றுதான் அர்த்தம் வரும். அவர்தான் நம் படைக்குப் பயிற்சி கொடுத்தவர்!

அதற்காகப் பளபளப்பும் வேண்டாம். கப்பலில் வந்து கடற்கரையில் முகாம் போட்டவர்களின் இரும்பு உப்புக்காற்றுப் பட்ட இரும்பு. அலகு கைப்பிடியோடு சேரும் இடுக்கில் கொஞ்சம் துரு, உறையிலிருந்து உருவி உருவி அலகின் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள், ஓரத்தில் இரண்டொரு வெட்டுத் தடம், பித்தளையில் விரல் படுகிற இடம் மினுங்கி மற்ற இடம் மங்கலாக. இவ்வளவு போதும். கை எங்கே படும், துணி எங்கே எட்டாது என்று பார்த்துச் செய்தால் முன்வரிசை நம்பும்.

குலசேகரம் ரப்பர் தோட்டம்:
அண்ணன் சொன்ன மாதிரி அங்கங்கே மட்டும் துரு வேண்டுமென்றால் நம்மிடம் இருக்கிற பொருளே போதும். ரப்பர் பாலைத் தூரிகையால், துரு வேண்டாத இடமெல்லாம் தடவிக் காயவிடுங்கள். கலவையைத் தெளித்துத் துரு ஏறிய பிறகு மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் உரித்தால் அடியில் இரும்பு சுத்தமாக இருக்கும், விளிம்பும் கோடு போட்டது மாதிரி இல்லாமல் இயல்பாக வரும். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் போடுகிற ஆசிட்டை, அதாவது ஃபார்மிக் ஆசிட்டை, இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். தோலைப் பொசுக்கும், வினிகரே தாராளம்.

துரு ரொம்பச் சிவப்பாக இருந்தால் கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தடவுங்கள். துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து கருநீலமாக மாறும், பழைய காலத்து மை இப்படித்தான் செய்தார்கள்.

குளச்சல் வாசகசாலை:
தக்கலை அண்ணே, வாள் அன்றைக்குப் புதுசு என்று நான் யோசிக்கவே இல்லை. அப்படியே செய்கிறேன். பித்தளைக்கு அம்மோனியா ஆவி காட்டலாமா?

மார்த்தாண்டம் பட்டறை:
தாம்பாளத்தைச் சூடாக்காமல் வளைத்திருந்தால் வேண்டாம். வளைவில் இறுக்கம் நிற்கும், அங்கே அம்மோனியா பட்டால் பித்தளை விரிசல் விடும். வெள்ளைக்காரர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் இப்படித்தான் வெடித்தன, குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம். மரத்தூளில் வினிகரும் உப்பும் பிசறி அதற்குள் ஒரு ராத்திரி புதைத்து வையுங்கள். களிம்பு வந்ததும் கழுவி, மேடான இடங்களைத் துணியால் தேய்த்து விடுங்கள்.

கடைசியாக எல்லாவற்றையும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கை அடியுங்கள். இல்லாவிட்டால் நடிகரின் வெள்ளைக் கையுறையெல்லாம் துரு ஒட்டும், விழா முடிவதற்குள் உப்புக்காற்று நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக வேலை பார்த்துவிடும்.