கார்த்திகை மழை விட்டதுல இருந்து போகி வரைக்கும்: நம்ம வேலூர்ப் பக்கத்து நகர் நலச் சங்கங்கள்ல பார்த்தது (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கறது எழுதினவர் புனைபேர்)

சம்ப்பு மூடி (காட்பாடி)

மழைக்கால வேலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரா விஷயத்துக்கு வரேன். பொதுச் சம்ப்பு, 10,000 லிட்டர். காவிரி லைனும் போர் லைனும் அதுலதான் விழும். மழை விட்ட மூணாம் நாள் சங்கத்துல பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. மறுநாள் மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சா, தரை முழுக்க தோசை மாவு ஊத்தின மாதிரி வெள்ளைப் படலம். ஒரு கிலோ பாக்கெட்டை அப்படியே கவிழ்த்திருக்காங்க. மேல் தண்ணியில வாசனையே இல்ல. மோட்டார் போட்டதும் அடித்தண்ணி முதல்ல ஏறி, முதல் வரிசை வீடுகளுக்கு மூக்கை எரிக்கிற தண்ணி போச்சு. கடைசி வரிசைக்குக் குளோரின் ஒண்ணுமே போகல.

பவுடர்ல சுண்ணாம்பு நிறைய இருக்கு. அது லேசுல கரையாது, கீழதான் உட்காரும். குடிக்கிற தண்ணிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும், 10,000க்கு 40 கிராம். கைப்பிடி அளவு வேணாம், தராசுல நிறுத்துப் போடுங்க. பிளாஸ்டிக் வாளியில முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டு விழுதா குழைச்சு, அப்புறம் வாளி நிறைய தண்ணி சேர்த்துக் கலக்கி, தெளியற வரைக்கும் விடணும். மேல நிக்கிற தெளிவை மட்டும் சம்ப்புல ஊத்தணும், அடிச் சுண்ணாம்பைக் கொட்டிடணும். அரை மணி நேரம் மோட்டார் போடக் கூடாது. தண்ணி கலங்கலா இருந்தா முதல்ல தெளிய வைக்கணும், இல்லைன்னா குளோரின் எல்லாத்தையும் சேறே தின்னுடும்.

---

தொட்டி வேலை

ஒரு கிலோவே தப்புன்னு எழுதாதீங்க சார். எதுக்குப் போட்டாங்கன்னு பார்க்கணும். புது பவுடர்ல குளோரின் சுமார் 30 சதவீதம். ஒரு கிலோன்னா 300 கிராம், 10,000 லிட்டருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம். தெருத்தண்ணி உள்ள புகுந்த சம்ப்புக்கு அந்த அளவு வேணும், 50 வரைக்கும் கூட போகலாம். ஆனா அது கழுவுறதுக்கு. ராத்திரி முழுக்க நிக்க விட்டு, காலையில மொத்தத்தையும் வெளியேத்தி, நல்ல தண்ணி நிரப்பின பிறகுதான் உங்க 40 கிராம். இங்க நடந்த தப்பு வெளியேத்தாம விட்டது.

சம்ப்பு கழுவுறதைப் பத்தியும் சொல்லிடறேன். மோட்டாரை மெயின்லயே அணைச்சு, ஃபியூஸைக் கழட்டிக் கையில வெச்சுக்கணும். மூடியைத் திறந்து ரெண்டு மணி நேரமாவது காத்து போகட்டும். ஆளை இறக்கினா மேல ஒருத்தர் கயிறோட நிக்கணும், அவர் ஃபோன் பேசப் போகக் கூடாது. சுவரை மேல இருந்து கீழ தேய்க்கணும், தேய்ச்ச சேத்தை வாளியில எடுக்கணும், மோட்டார் வெச்சு இழுத்தா உள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரத்துல (இம்பெல்லர்) மாட்டும். பிளீச்சிங் போட்ட சம்ப்புக்குள்ள ஆள் இறங்கவே கூடாது. முக்கியமா, பாசி போகலைன்னு பாத்ரூம் கழுவுற ஆசிட்டை அதோட சேர்க்கிறாங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். மூடின தொட்டிக்குள்ள அது ஆளைக் கொல்லும். கழுவின தண்ணியை மழைநீர் சேகரிப்புக் குழியில விடாதீங்க, செடிக்கும் விடாதீங்க.

---

ஆத்தோரம்

தொட்டி வேலை அண்ணே, "மொத்தத்தையும் வெளியேத்தி"ன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டீங்க. விருதம்பட்டு மாதிரி பாலாத்துக் கரையோரத்துல இதைச் செய்யறதுக்கு முன்னாடி பக்கத்துக் கிணத்தை எட்டிப் பார்க்கணும். 2021 நவம்பர்ல ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினதை மறக்க முடியாது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு நிலத்தடித் தண்ணி மேலேயே நிக்கும். காலி சம்ப்பு அந்தத் தண்ணியில படகு மாதிரிதான். 10,000 லிட்டர் தொட்டியைச் சுத்தி விளிம்பு வரைக்கும் தண்ணி நின்னா, கீழ இருந்து தள்ளுற விசை 10 டன். பிளாஸ்டிக் தொட்டின்னா மண்ணைப் பிளந்துகிட்டு மேல வரும், உறை இறக்கின சம்ப்புன்னா அடித்தளம் விரியும். பார்த்தது அந்த விரிசல்தான்: தரையில முடி மாதிரி ஒரு கோடு, அது வழியா ஊத்து மாதிரி தண்ணி மேல வந்துகிட்டே இருந்துச்சு. எவ்வளவு பிளீச்சிங் போட்டும் கலங்கல் போகாததுக்குக் காரணம் அதுதான்.

கிணத்துத் தண்ணி மட்டம் சம்ப்புத் தரைக்கு மேல இருந்தா பாதிக்கு மேல இறைக்காதீங்க. தை பிறந்து மட்டம் இறங்கின பிறகு முழுசா கழுவலாம். அதுவரைக்கும் குடிக்கிற தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க.

---

மண்புழு

எங்க சம்ப்புல மண்புழு இருந்துச்சு, உயிரோட. மூடி சரியா இருக்கு, சுவரும் சரியா இருக்கு, எங்கிருந்து வருதுன்னே புரியல. கடைசியில பார்த்தா ஓவர்ஃப்ளோ குழாய். தரை மட்டத்துக்கு மூணு விரல் மேலதான் வாய். தெருவுல அரை அடி தண்ணி நின்ன அன்னிக்கு அதே வழியா உள்ள வந்திருக்கு. குழாயை ஒன்றரை அடி உயர்த்தி, வாய் கீழ பார்க்குற மாதிரி எல்போ போட்டு, அதுல நைலான் வலை கட்டியாச்சு. மூடி விளிம்பையும் ஒரு அடி உயர்த்தினோம். கார் ஏத்துறவங்க கோவிச்சுக்கிட்டாங்க.

---

மூணாவது குறுக்குத் தெரு

தண்ணி விஷயம் போதும். தெருவிளக்கு டைமரை யாராவது பார்த்தீங்களா? கோடையில சாயந்திரம் 6.45ன்னு வெச்சது அப்படியே கிடக்கு. நம்ம ஊர்ல நவம்பர் கடைசியில 5.45க்குள்ள சூரியன் விழுந்துடும். திருப்பத்துல அரை மணி நேரத்துக்கு மேல கும்மிருட்டு, அதுலதான் பள்ளிக்கூட வேன் பிள்ளைங்களை இறக்கி விடுது. மார்கழி முடிஞ்சா காலை சீக்கிரம் விடியும்னு நினைச்சு காலையில அணையுற நேரத்தை 5.30க்குக் குறைச்சிட்டாங்க, அதுதான் பெரிய தப்பு. பொழுது நீள ஆரம்பிச்சாலும் உதயம் ஜனவரி கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் போகும், 6.40 ஆகும். கோலம் போடுறவங்க, பால் போடுறவங்க எல்லாரும் இருட்டுலதான். இப்ப சாயந்திரம் 5.40, காலை 6.20ன்னு வைங்க. மாசி பிறந்ததும் திரும்ப மாத்துங்க.

---

ஸ்டார்ட்டர் பெட்டி

டைமரே வேணாம், சென்சார் போடுங்க. இருட்டுனா எரியும், விடிஞ்சா அணையும். பேட்டரி இல்லாத டைமர்ல எவ்வளவு நேரம் கரண்ட் போச்சோ அவ்வளவு நேரம் கடிகாரம் பின்தங்கும், மழை மாசத்துல கேட்கவே வேணாம்.

---

மூணாவது குறுக்குத் தெரு

சென்சாரும் பார்த்தாச்சு. விளக்குக்குக் கீழயே மாட்டினாங்க. விளக்கு எரிஞ்சதும் பகல்னு நினைச்சு அணைக்குது, அணைஞ்சதும் ராத்திரின்னு எரிய வைக்குது. ராத்திரி பூரா கண் சிமிட்டல், ஒரே வாரத்துல சோக் போச்சு. சென்சார் கண்ணு வானத்தைப் பார்க்கணும், எந்த விளக்கு வெளிச்சமும் அதுமேல விழக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் துடைக்கணும். தூசி படிஞ்சா மதியம் மூணு மணிக்கே விளக்கு எரியும்.

---

புகை வண்டி

கொசுப் புகை அடிச்ச மறுநாள் காலையில, காலி மனையில கிடந்த டயரைத் தட்டினேன். உள்ள தண்ணியில புழு நெளியுது. முந்தின ராத்திரி அதே மனை ஓரமாத்தான் வண்டி போச்சு. அந்தக் காட்சிக்காகத்தான் எழுதறேன்.

புகை பறக்குற கொசுவை மட்டும்தான் கொல்லும். டெங்கு கொசு பகல்ல கடிக்கும், வீட்டுக்குள்ள துணிக்குப் பின்னாடி உட்காரும். முட்டை தண்ணி விளிம்புல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்பத் தண்ணி பட்டா பொரிக்கும். முட்டையில இருந்து கொசு ஆக ஏழெட்டு நாள். அதனால வாரம் ஒரு நாள், எல்லா வீட்லயும் அதே நாள்: தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, பிரஷ் போட்டு விளிம்பைத் தேய்க்கணும். தேய்க்காத வீட்டுக்காகத்தான் ஊரே புகை குடிக்குது. சங்க அறிக்கையில "மருந்து அடிக்கப்படும்"னு போடுறதுக்குப் பதிலா "ஞாயிறு காலை 8 மணி, தேய்க்கும் நாள்"னு போடுங்க. வீடு வீடா டார்ச்சோட போக நாலு பேர் போதும்.

---

கால்வாய் ஓரம் (சத்துவாச்சாரி)

எல்லாரும் மழைக்கு அப்புறம் நடந்ததைப் பேசறீங்க, மழைக்கு முன்னாடி நடந்த தப்பைப் பேசலாமா? செப்டம்பர்ல தூர் வாரினாங்க, நல்லாத்தான் வாரினாங்க. எடுத்த சேத்தைக் கால்வாய் ஓரத்துலயே குவிச்சு "காயட்டும்"னு விட்டாங்க. அக்டோபர் முதல் மழையில அத்தனையும் திரும்ப உள்ள. கால்வாய் நிரம்பி, சேறு மேல மிதந்த பிளாஸ்டிக் பந்து ஒண்ணு சுழன்றது இன்னும் கண்ணுல இருக்கு.

ஈரச் சேறு ஒரு நாள் வடிஞ்சா போதும், ரெண்டாம் நாள் டிராக்டர் வரணும். டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லாம தூர் வார ஆரம்பிக்கவே கூடாது. அடுத்தது, கேட் முன்னாடி எல்லாரும் கான்கிரீட் சாய்தளம் ஊத்திக் கால்வாயை மூடிட்டாங்க, கம்பு விட்டுக் குத்த வழியில்ல. ரெண்டு அடி பலகைத் துண்டா, தூக்க கொக்கி வெச்சுப் போட்டா ரெண்டு பேர் தூக்கிடலாம். இதைச் சங்கக் கூட்டத்துல தீர்மானமாவே போடணும்.

---

போகி குவியல்

போகி வரைக்கும்னு தலைப்புல இருக்கு, ஆனா போகியைப் பத்தி யாரும் எழுதல. பழைய பாய், துணி, டயர், ரெக்சின் எல்லாத்தையும் மின்கம்பத்தடியில கொளுத்துறாங்க. நம்ம ஊரைச் சுத்தி மலை, காத்து அசையாத பனிக்காலை, புகை மேல ஏறவே ஏறாது. போன வருஷம் கம்பத்து ஜங்ஷன் பெட்டியோட ரப்பர் சீல் உருகி, உள்ள இருந்த ஒயர் நிறம் மாறி இருந்துச்சு. அது தீப்பிடிக்காம இருந்ததே பெருசு.

போகிக்கு முந்தின ஞாயிறே மூணு குவியல் போடச் சொல்லுங்க: துணி, மரம்-பாய், ரப்பர்-பிளாஸ்டிக். துணியில நல்லதைக் கேட்குறவங்களுக்குக் கொடுக்கலாம். ரப்பர் பழைய இரும்புக்கடை வண்டிக்கு. மரமும் பாயும்தான் மிச்சம், அதை மைதானத்துல ஒரே இடத்துல, பக்கத்துல ரெண்டு டிரம் தண்ணியோட.

---

சம்ப்பு மூடி (காட்பாடி)

தொட்டி வேலை அண்ணன் சொன்னது சரி, வெளியேத்தலை. ஆத்தோரம் சொன்னபடி கிணத்தைப் பார்த்தேன், மட்டம் சம்ப்புத் தரைக்கு நாலு அடி கீழ. இறைச்சு, தேய்ச்சு, நிரப்பி, 40 கிராம் போட்டோம். குளோரின் பார்க்குற சொட்டு மருந்தை இன்னிக்குக் காலையில கடைசி வரிசை வீட்டுக் குழாய்த் தண்ணியில விட்டேன், வெளிர் மஞ்சள். முதல் வரிசையிலயும் அதே நிறம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாதுன்னு கிட் அட்டையில இருக்கு, அதுக்கு மேலதான் நிக்குது. அடுத்த பார்வை வியாழன்.

சம்ப்பு அளவு தெரியாதவங்களுக்கு: நீளம், அகலம், தண்ணி நிக்கிற ஆழம் மூணையும் அடியில பெருக்கி, அதை 28ஆல பெருக்குங்க, லிட்டர் வரும்.

---

மண்புழு

இரும்பு மூடியில இருந்து துரு விழுது. பெயிண்ட் அடிச்சா தண்ணியில வாசனை வருமா, ஃபைபர் மூடிக்கே மாறிடலாமா?

---

தொட்டி வேலை

உள்பக்கம் பெயிண்ட் வேணாம். ஃபைபர் போடுங்க, ஆனா பூட்டு கொக்கி உள்ளதா பாருங்க. லேசான மூடியைக் குழந்தைங்க தூக்கிடும்.