லேமினேட் பலகைக் கதிரை, பின்கால் ஆடுகிறது

தலவாக்கலை வாசி:
தகடு தகடாக ஒட்டிய பலகையில் நாலு சாப்பாட்டுக் கதிரை செய்தேன். தடிப்பு 25 மில்லிமீட்டர். இருக்கையைத் தாங்கும் பக்கச் சட்டம் பின்காலோடு சேரும் இடத்தில் இரண்டு டவல் (துளையில் இறக்கும் உருண்டை மரக்குச்சி), வெள்ளை கம். என் மச்சான் சாப்பிட்டு முடித்ததும் பின்னால் சாய்ந்து ஊஞ்சலாடுவார். ஆறு மாதத்தில் இரண்டு கதிரை ஆட்டம் கண்டுவிட்டன. ஸ்குரூ போட்டால் ஓரம் பிளக்கிறது. மரம் சரியில்லையா?

ஹட்டன் பாஸ்:
தம்பி, மரத்தையும் திட்டாதீர்கள், மச்சானையும் திட்டாதீர்கள். சாய்ந்தால் அடி முழுக்க அந்தப் பின்கால் பொருத்துக்குத்தான். மேல் டவல் இழுபடும், கீழ் விளிம்பு நசுங்கும். சட்டம் ஒடுக்கமானால் இரண்டு டவலும் கிட்டக்கிட்ட வரும், இழுவை கூடும். சட்டத்தை அகலமாக்கி டவல்களைத் தள்ளி வையுங்கள்.

ஓரத்தில் தகடுகளுக்கு நடுவே ஸ்குரூ போனால் ஆப்பு இறக்கின மாதிரி. முன்துளை போட்டாலும் அங்கே பிடி குறைவுதான். பலகையின் முகத்தில், அதாவது அகன்ற பக்கத்தில்தான் நன்றாகப் பிடிக்கும்.

நானென்றால் டவலை விட்டுவிட்டு, சட்டத்தின் முனையை நாக்காகச் சீவிக் காலில் துளை வெட்டி இறக்குவேன். நாக்கின் தடிப்பு பலகையில் மூன்றில் ஒன்று, சுமார் 8 மில்லிமீட்டர். கம் நன்றாகப் பிடிப்பது நார் நீளமாக ஓடும் பக்கத்தில். வெட்டு முனை கம்மை உறிஞ்சிக் குடித்துவிடும். அதனால் தகடுகளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய முதலில் ஓரத்தைப் பாருங்கள்: ஒரு கோடு வெளுப்பு, ஒரு கோடு கறுப்பு என்று மாறி மாறி வருகிறதா?

நுவரெலியாவிலிருந்து:
இன்னொன்று, எந்த மாதம் ஒட்டினீர்கள்? சனவரி இரவுக் குளிரில் வெள்ளை கம் சரியாகப் பிடிக்காது. காய்ந்தபின் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நகத்தால் சுரண்டினால் உதிரும். நான் இப்போது கம் போத்தலையும் பலகையையும் அடுப்படியில் வைத்துத்தான் ஒட்டுகிறேன். வீட்டில் ஏச்சுதான்.

தலவாக்கலை வாசி:
சனவரிதான், பின் கொட்டகையில். ஒரு டவலைப் பிடுங்கிப் பார்த்தேன், வெள்ளையாக உதிர்கிறது. ஓரத்திலும் வெளுப்பு, கறுப்பு மாறி மாறித்தான்.

ஹட்டன் பாஸ்:
அப்போ அது பிளைவுட். தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடக்கும், நாக்கில் பாதி நார்தான் நீளவாக்கு. இருக்கைக்கு அதுவே போதும். கால், சட்டம் இரண்டையும் தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கில் (சில்வர் ஓக்), நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். மற்ற இரண்டு கதிரையையும் கழற்றிப் பாருங்கள். அதே கொட்டகைக் கம்தானே? பழைய கம்மின்மேல் புதுக் கம் ஒட்டாது, மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். அதுவரை மச்சானுக்கு ஸ்டூல்.