புதுப்பிப்பு: பீன்யா தகர ஷெட்டுக்கு ஃபோம் போர்டு அடித்த கதை

மார்ச்சில் கேட்டிருந்தேன்: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் லேத் (கடைசல் இயந்திரம்) போட்டிருக்கும் தகர ஷெட், மதியம் நிற்க முடியாத வெக்கை, எக்ஸ்பிஎஸ் போர்டு (வெப்பத்தைத் தடுக்கும் பாலிஸ்டைரீன் ஃபோம் பலகை) அடிக்கலாமா என்று. அடித்தாயிற்று. 50 மி.மீ. போர்டு, கூரை முழுக்க, மேற்குச் சுவரிலும்.

முதலில் செய்த தப்பு பசை. கடையில் கொடுத்த சாதாரண ரப்பர் பசையைத் தடவினோம். பத்து நிமிஷத்தில் போர்டு குழி குழியாகக் கரைந்துபோனது, கரையான் அரித்த பலகை மாதிரி. அதில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். நாலு போர்டு வீண். பிறகு அகல வாஷர் போட்டு, தகரத்தைத் தாங்கும் பர்லின் சட்டத்திலேயே ஸ்க்ரூ அடித்தோம்.

இணைப்புகளை லேசாக விடாதீர்கள். டேப் ஒட்டாத ஒரு மூலையில், குளிர்ந்த விடியலில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்து, சொட்டு சொட்டாக லேத் படுக்கையில் விழுந்தது. உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டால் அப்படித்தான். இடைவெளியில் பியூ ஃபோம் (பீய்ச்சினால் உப்பி இறுகும் பாலியூரித்தேன் நுரை) அடித்து, மேலே அலுமினிய டேப் ஒட்டியபின் சொட்டு நின்றது.

"அண்ணே, இப்போ சாப்பிட்டதும் உள்ளேயே உட்காரலாம்" என்றான் பையன். எனக்கு அது போதும்.

வெல்டிங்கை வெளியே மாற்றிவிட்டேன். ஃபோம் தீப்பிடித்தால் கரும்புகை மூச்சை அடைக்கும். சுவரில் ஃபோம் மேல் எளிதில் தீப்பிடிக்காத ஜிப்சம் போர்டு போட்டு மூடியாச்சு, கூரை பாக்கி. அதை மூடாமல் உள்ளே தீப்பொறி பறக்கும் கிரைண்டர்கூட ஓட்டப்போவதில்லை.