கருநிறச் சொகுசுக் காருக்கு எந்த உறை: நீர் புகாததா, ஆவி வெளியேறக்கூடியதா?

கருமுகில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் கருநிற மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் ஒன்றை, நீண்ட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வகையில், வாங்கியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள்தான் வண்டி வெளியே செல்லும். மற்ற நாள்களில் வீட்டு முன்புறக் கூரையின் கீழ் நிற்கும். கூரை இருக்கிறதே தவிர மூன்று பக்கமும் திறப்புதான் என்பதால் சாரல் அடிக்கிறது, பிற்பகல் வெயில் ஒரு பக்கக் கதவுகளில் நேராக விழுகிறது, தூசி ஒரே இரவில் பானெட் முழுவதும் படிந்துவிடுகிறது.

உறை வாங்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு விற்பனையாளர், ஒரு சொட்டு நீர்கூட உள்ளே போகாது என்பதையே பெரிய தகுதியாகச் சொல்கிறார். இன்னொருவர், அப்படிப்பட்ட உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பெயின்ட்டைக் கெடுத்துவிடும் என்கிறார். கார் கழுவும் நிலையம் நடத்தும் நண்பரோ, உறை போட்ட வண்டிகளில்தான் மெல்லிய கீறல்களை அதிகம் பார்ப்பதாகச் சொல்லி, உறையே வேண்டாம் என்கிறார். எதை நம்புவது? மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு என்று அட்டையில் அச்சிட்டிருப்பதற்கு உண்மையில் பொருள் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மெருகுக்கல் எழுதியது:

மூவர் சொன்னதும் சரிதான். ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் நிற்கும் வண்டியை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. உங்கள் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தால், நீங்கள் முதலில் அஞ்ச வேண்டியது மழைக்கு அன்று, தூசிக்கு.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதில் மேலே பளபளக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தூசியிலோ குவார்ட்ஸ் மணல்துகள் கலந்திருக்கிறது. 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சன்னல் கண்ணாடியே ஏறத்தாழ 5.5 என்னும்போது பெயின்ட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துகள் படிந்த பரப்பின் மீது உறையை இழுத்துப் போர்த்துவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் அளவில்தான் வேறு. கருநிறத்தில் இந்தக் கீறல்கள் விளக்கொளி விழும் இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். வெள்ளி நிறத்தில் அதே கீறல் இருந்தாலும் எளிதில் கண்ணில் படாது. உங்கள் நண்பர் பார்ப்பது இதைத்தான். எனவே, எவ்வளவு உயர்ந்த உறையாக இருந்தாலும் அழுக்கு வண்டியின் மேல் அதைப் போடக்கூடாது.

அடுத்து ஈரம். மழையே பெய்யாவிட்டாலும் உறைக்குள் நீர் சேரும். இரவில் குளிர்ந்துபோன உலோகத்தின் மேல் காலையில் ஈரமும் வெதுவெதுப்பும் கொண்ட காற்று படும்போது, அந்த ஆவி பனித்துளியாகப் படிகிறது. பி.வி.சி. போன்ற முழு நெகிழி உறையில் அந்த நீர் வெளியேற வழியின்றி, பகல் வெயிலில் சூடேறி, மறுபடியும் படிகிறது. பல நாள்கள் இப்படி நடந்தால் கிளியர் கோட்டில் வெண்மையான மங்கல் தோன்றும். இணைப்புகளில் துரு தொடங்கவும் வழி ஏற்படும். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் சூட்டில் கசிந்து பெயின்ட்டில் கறையாக ஒட்டிக்கொள்ளும் என்பது தனித் தொல்லை. உங்கள் தேவைக்கு அந்த வகையைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

அடுக்குக் கணக்கு பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. நல்ல உறையில் வெளியே நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன் துணி, நடுவில் நுண்துளைப் படலம், உள்ளே மென்துணி என்று மூன்று இருந்தாலே போதும். வேலை செய்வது அந்த நடுப்படலம்தான். சுண்ணத்தூள் கலந்த நெகிழியை இழுத்து விரிக்கும்போது, தூள் மணிகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகின்றன. நீர்த்துளி அவற்றில் நுழைய முடியாது, நீராவி நுழைந்துவிடும். அந்தப் படலம் இல்லாமல் ஒரே துணியை ஐந்து முறை அடுக்கினாலும் எடைதான் கூடும்.

துணித் துண்டை மாதிரியாகத் தரச் சொல்லுங்கள். வாயால் ஊதிப் பார்ப்பது சரியான சோதனை அன்று. நுண்துளைப் படலத்தில் காற்றை ஊதித் தள்ள முடியாது, ஊத முடிகிற துணியில் மழையும் இறங்கிவிடும். மாறாக, கோப்பையில் பாதியளவு வெந்நீர் ஊற்றி, அதன் வாயை மாதிரித் துணியால் இறுக மூடி, மேலே ஒரு குளிர்ந்த கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடங்களில் தம்ளரின் உட்புறம் மங்கினால் துணி ஆவியை விடுகிறது என்று பொருள். கண்ணாடி தெளிவாகவே இருந்தால், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது வெறும் நெகிழித் தாள்தான்.

நெடுஞ்சாலை எழுதியது:

மெருகுக்கல் ஐயாவின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாரத்துக்கு மூன்று முறை ஓடும் வண்டிக்கு உறை தேவையா என்பதில் ஐயம் உண்டு. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போர்த்த வேண்டும் என்றால், நடைமுறையில் ஒரு மாதத்துக்கு மேல் யாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. பெயின்ட்டைக் காக்கும் ஒட்டுப்படலத்தை வண்டி முழுவதும் ஒட்டிவிடலாம். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனால் ஆன அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன் கொண்டது, அதாவது கிளியர் கோட்டைப்போல் மூன்று நான்கு மடங்கு. தரமான படலத்தில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே தாமாக மறைந்துவிடும். செலவு உறையைவிடப் பன்மடங்கு என்பது உண்மைதான். இருந்தாலும் எஸ்-கிளாஸ் வாங்கியவர் அதைக் கணக்கிடலாம். செராமிக் பூச்சை மட்டும் இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அழுக்கு எளிதில் கழன்றுவர அது உதவும், மணல்துகளைத் தடுக்காது.

கருமுகில் எழுதியது:

இருவருக்கும் நன்றி. முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் ஒட்டுப்படலம் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. மற்ற பகுதிகளுக்கு இப்போது எண்ணமில்லை. வார நாள்களில் தொடர்ந்து நிற்கும்போது மட்டும், துடைத்துவிட்டுப் போர்த்துவது என்னால் இயலும். அளவு குறித்து ஒரு கேள்வி: எல்லாக் காருக்கும் பொதுவாக வரும் பெரிய அளவு உறை போதுமா, வண்டிக்கென்றே தைத்தது வேண்டுமா?

ஊசிநூல் எழுதியது:

தைப்பது என் தொழில் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். பொதுவான அளவு வேண்டாம். தொளதொள என்று இருக்கும் உறை காற்றில் படபடத்து, மிரர் விளிம்பு, கதவு முனை, டிக்கி ஓரம் ஆகிய இடங்களில் ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப உரசும். உறை போட்ட காரில் அந்த ஓரங்கள்தாம் முதலில் மங்கும்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். 2020-இல் வந்த தலைமுறை எஸ்-கிளாஸ் சாதாரண வீல்பேஸில் 5,179 மி.மீ., நீண்ட வீல்பேஸில் 5,289 மி.மீ. நீளம் கொண்டது. அந்த 11 செ.மீ. குறைந்தால் பின் பம்பரின் கீழே எலாஸ்டிக் பிடிக்காமல் மேலேறி, நம்பர் பிளேட்டின் கூர்முனையில் போய் நிற்கும். மிரர்களுக்குத் தனிப் பை தைத்திருக்க வேண்டும். உங்கள் பானெட்டின் முனையில் நட்சத்திரச் சின்னம் எழுந்து நின்றால், அதற்கும் மென்துணி வைத்த சிறு பை கேளுங்கள். இல்லையென்றால் உறையை இழுக்கும்போது அதில்தான் மாட்டும். இன்றைய ரோல்ஸ்-ராய்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, பானெட்டின் முனையில் நிற்கும் அவர்களுடைய சிலை உள்ளே இறங்கிவிடும்.

வண்டியின் அடிவழியாகப் போகும் பட்டை முன்னும் நடுவிலும் பின்னும் ஒவ்வொன்று இருப்பது நல்லது. அதன் கொக்கி உலோகமாக இருந்தால் வாங்காதீர்கள். எதிர்ப்பக்கத்துக்கு வீசும்போது கதவில் பட்டுப் பள்ளம் விழும். நெகிழிக் கொக்கியாக இருந்தாலும் வீசாமல் குச்சியால் தள்ளுவதே என் வழக்கம்.

கழற்றும்போது இரு பக்கங்களையும் முதலில் கூரைமேல் மடித்துப் போட்டு, பிறகு பின்புறத்திலிருந்து முன்னோக்கிச் சுருட்டுங்கள். இப்படிச் செய்தால் தூசி படிந்த வெளிப்பக்கம் உள்பக்கத்தைத் தொடாது, உறையைத் தரையிலும் போட வேண்டியிருக்காது. உறையைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கக் கூடாது. நீரை விலக்கும் தன்மையை அது கெடுத்துவிடும்.

சாவிக்கொத்து எழுதியது:

சிறு குறிப்பு. சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உறை போடாதீர்கள்; உள்ளடங்கும் கைப்பிடிகள் உள்ள வண்டி, சாவி அருகில் இருப்பதை உணர்ந்தால், அவை துணிக்கடியில் வெளியே நீண்டு நிற்கும். நிறுத்திய வண்டியைக் கேமரா கண்காணிக்கும் வசதி இருந்தால், உறை போட்டிருக்கும்போது அதை அணைத்துவிடலாம். லென்ஸ்களைத் துணி மறைத்திருக்க, பேட்டரிதான் வீணாகச் செலவாகும். வாரம் ஒருமுறையாவது உறையைத் தூக்கி, எலி நடமாட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டும் கதகதப்பும் அதற்கு மிகவும் பிடித்தவை.

கருமுகில் எழுதியது:

இரண்டு மாதிரிகளைக் கோப்பை வைத்துச் சோதித்தேன். ஒன்றில் தம்ளர் நன்றாக மங்கியது, மற்றொன்றில் சிறிதும் மங்கவில்லை; விலை கூடுதலானது இரண்டாவதுதான். முதல் வகையையே தைக்கச் சொல்லவிருக்கிறேன். வெயில் படும் பக்கத்துக்காக வெள்ளிநிறப் பூச்சுள்ள துணியைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

மெருகுக்கல் எழுதியது:

நாள் முழுவதும் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு அது பயன்படும். சில மணி நேரம் ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் விழும் உங்கள் நிலையில் பூச்சுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். மலிவான வெள்ளிப் பூச்சு மடிப்புகளில் உதிரவும் செய்யும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் துணியிலேயே கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பாலிபுரொப்பிலீன் வெயிலில் மக்கிப் பொடியாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெயில் படும் பக்கத்துத் துணியை இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டினால் அந்த உறையை மறுபடி வண்டிமேல் போடாமல் புதிது தைத்துக்கொள்ளுங்கள்.