'தரவு மாதிரி': மாற்றுச் சொல் வேண்டும், வியாழனுக்குள்

ம. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். பிணைய (நெட்வொர்க்) மேலாண்மைப் பாடக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழனன்று கொடுத்தாக வேண்டும். பிணையக் கருவிகளின் தரவு எப்படி அமைய வேண்டும் என விவரிக்கும் யாங் மொழியில் எழுதிய மாதிரிகளை வைத்துச் சேவைகளையும் பிணையத்தையும் தானாக நிர்வகிப்பதுதான் பொருள், அதாவது 2021இல் வந்த ஆர்.எஃப்.சி. (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) 8969இன் சட்டகம். ஆங்கிலத்தில் 'டேட்டா மாடல்' என்பதை இதுவரை 'தரவு மாதிரி' என்றே எழுதி வந்தேன். அடுத்த இயல் கருவிகளிலிருந்து திரட்டும் அளவீடுகளைப் பற்றியது. அங்கே புள்ளியியல்காரர்களின் 'தரவு மாதிரி', அதாவது 'சாம்பிள்', வந்து நிற்கிறது. "தரவு மாதிரி தரவு மாதிரிக்கு ஒத்துப்போகிறதா எனப் பார்க்க" என்று நானே ஒரு வரி எழுதிவிட்டேன். காப்பாற்றுங்கள்.

செ. எழுதியது:
'தரவுப் படிமம்' இருக்கப் பயமேன்? படி என்றாலே ஒப்பு, நகல். படிமம் 'பிரதிமா'விலிருந்து வந்தது என்பார்கள், நான் ஏற்பதில்லை. தொல்காப்பியப் பாயிரத்திலேயே 'பல்புகழ் நிறுத்த படிமையோன்' என்று வருகிறதே.

கு. எழுதியது:
ஐயா, அந்தப் படிமை தவ ஒழுக்கம். திசைவி (ரவுட்டர்) தவம் செய்யப் போவதில்லை. படிமம் என்றதும் மாணவர் புதுக்கவிதைக்குப் போய்விடுவார்.

யாங்கில் எழுதுவது எதையும் போல இருப்பதற்காக அல்ல, விதிப்பதற்காக. இந்தப் புலம் கட்டாயம், இந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் திறவுகோல், வி-லேன் (பிணையத்துக்குள் பிரிக்கும் மெய்நிகர் வலை) எண் 1 முதல் 4094 வரைதான் என்று அது கட்டிவைக்கிறது. வாடிக்கையாளர் "என் கிளைகளைத் தனி வலையாக இணைத்துக் கொடுங்கள்" என்று கேட்பது சேவை நிலை (ஆர்.எஃப்.சி. 8299). அதே இணைப்பைப் பிணையம் நடத்துபவர் பார்க்கிற விதம் வேறு (ஆர்.எஃப்.சி. 9182). அப்புறம் ஒவ்வொரு கருவிக்குமான அமைவடிவம் (கான்ஃபிகரேஷன்). கட்டளை கீழே இறங்குகிறது, கருவியின் உண்மை நிலை மேலே வருகிறது, இரண்டும் பொருந்தாவிட்டால் மென்பொருள் திருத்துகிறது. எல்லை கட்டுவதுதான் வேலை என்பதால் 'தரவு வரையுரு'. வரை என்பதில் எல்லையும் உண்டு, தீட்டுதலும் உண்டு.

செ. எழுதியது:
மலையும் உண்டு, மூங்கிலும் உண்டு. அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். தரநிலை எழுதுவோர் அன்றாடம் சுற்றுக்கு விடுவதும் 'வரைவு'தான். வரையுருவின் வரைவை வரையுங்கள், பார்ப்போம்.

தா. எழுதியது:
வகுப்பெடுப்பவன் சொல்கிறேன். மாணவர் வாயில் 'டேட்டா மாடல்'தான். அதையே எழுதினால் என்ன? 'யாங்'கை மட்டும் யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லையே. இன்னொன்று, 'பிணைய மேலாண்மை' என்றால் ஜாமீன் எடுக்கிற வேலை மாதிரி இருக்கிறது.

செ. எழுதியது:
யாங்கு என்றால் எவ்வாறு. யாங் ஏற்கெனவே பாதித் தமிழ்.

ம. எழுதியது:
பிணையத்தை இன்று தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நி. எழுதியது:
'மாதிரியம்'? புள்ளியியலுக்கு மாதிரி இருக்கட்டும், நமக்கு மாதிரியம். 2003இல் வந்த ஆர்.எஃப்.சி. 3444 தகவலுக்கான மாடல் வேறு, தரவுக்கான மாடல் வேறு என்று பிரிக்கிறது. முன்னது கருத்தளவில் பொருள்களையும் உறவுகளையும் காட்டுவது; எந்த நெறிமுறையில் (புரோட்டோகால்) ஓடும் என்ற கவலை அதற்கில்லை. அதைப் போய் 'வரையுரு' என்பது இறுக்கம். தகவல் மாதிரியம், தரவு மாதிரியம் இரண்டும் உறுத்தாமல் நிற்கின்றன.

கு. எழுதியது:
'இயம்' கொள்கைக்கு வருவது. பெண்ணியம், மார்க்சியம். மாதிரியத்தைப் பின்பற்றுவோர் மாதிரியரா?

நி. எழுதியது:
இலக்கியம் எந்தக் கொள்கை?

ம. எழுதியது:
புதன் இரவு மணி பதினொன்று. 'தரவு மாதிரியம்' போட்டுவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'டேட்டா மாடல்' என்றும் சேர்த்திருக்கிறேன். தா., நி. இருவரும் சரி என்றார்கள். செ. ஐயா மறுக்கவில்லை, அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

கு. எழுதியது:
போடுங்கள். என் குறிப்பில் வரையுருதான்.

செ. எழுதியது:
மறுக்கவில்லை என்று யார் சொன்னது? படிமையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நாளை நீளமாக எழுதுகிறேன்.