பெங்களூரில் செடி வைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

அல்சூரிலிருந்து:
வீடியோ பார்த்துக் கற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நேரில் ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தது யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

லால்பாக்கை ஒட்டி சித்தாபுராவில் வரிசையாக நர்சரிகள் இருப்பது தெரிந்திருக்கும். ஒரு கடையில் ரோஜா, தக்காளி நாத்து, செம்பருத்தி என்று நான் கை காட்டிக்கொண்டே போனேன். அங்கே வேலை பார்த்த கிருஷ்ணகிரிக்காரர் ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லை. "பால்கனி எந்தப் பக்கம் சார்?" என்றார். வடக்கு என்றேன். "நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுது?" முழித்தேன். "அப்ப ரோஜாவுக்குக் காசு குடுக்காதீங்க. அதுக்கு ஆறு மணி நேரம் வேணும். தக்காளிக்கும் அதேதான். புதினா கொண்டு போங்க, மணி பிளான்ட் கொண்டு போங்க."

பிறகு பூத்துக் குலுங்கிய ஒரு சாமந்தியைத் தொட்டியோடு கவிழ்த்து, மண்கட்டியை உருவிக் காட்டினார். வேர் தொட்டியின் அடியில் சுருள் சுருளாகப் பின்னி, பழுப்பேறிக் கிடந்தது. "பூவைப் பாத்து வாங்கறாங்க. நீங்க வேரைப் பாருங்க, வெள்ளையா இருக்கணும்." வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

வடக்குப் பால்கனிக்காரர்களுக்கு ஒரு ஆறுதல். பெங்களூரு 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை நடுப்பகலிலும் சூரியன் நமக்கு வடக்கேதான். அந்த மாதங்களில் வெயில் எட்டிப்பார்க்கும். அதில் பாதி மழைக்காலம் என்பது வேறு கதை!

ஹொரமாவு, ஒன்பதாவது மாடி:
எனக்கு குரு எங்க பக்கத்து வீட்டு கன்னடப் பாட்டி. கொத்தமல்லியை முழுசா தூவப் போனேன், கையைப் புடிச்சுட்டாங்க. சப்பாத்திக் கட்டையால லேசா உருட்டி, விதை ரெண்டாப் பிளந்ததும்தான் போட விட்டாங்க. அந்த உருண்டைக்குள்ள ரெண்டு விதை இருக்காம். வெந்தயம் மூணு நாலு நாள்ல தலைகாட்டும், மல்லிக்குப் பத்து நாள்கூட ஆகும், நடுவுல தோண்டிப் பாத்தா அவ்ளோதான்னு ஒரு மிரட்டல் வேற. பாட்டி கன்னடத்துல திட்ட, நான் தமிழ்ல முழிக்க, ஒருவழியா முளைச்சுது.

இந்த உயரத்துல பூச்சியைவிடப் புறாதான் எதிரி. முளையை மட்டும் நறுக்குன்னு கிள்ளிட்டுப் போயிடும். ரெண்டு இலை விரியறவரைக்கும் மேல பழைய பிளாஸ்டிக் கூடையைக் கவுத்து வைங்க. வலை அடிக்கக் காசு உள்ளவங்க அடிச்சுக்கோங்க.

வைட்ஃபீல்டு:
2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சம் மறந்திருக்காது. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த நேரம் அது. அப்போதுதான் நான் செடி வாங்கியிருந்தேன், நல்ல முகூர்த்தம்! எங்கள் அடுக்குமாடித் தோட்டக்காரர் திருவண்ணாமலைப் பக்கம். தினமும் ஒரு வேளை ஊற்றணுமா என்று கேட்டதற்கு, "விரலை ரெண்டு கணு மண்ணுல விடுங்கம்மா. ஈரம் ஒட்டினா வாளியைக் கீழ வைங்க" என்றார். அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர் இரண்டையும் வைத்தே அந்தக் கோடையை ஓட்டினேன். வீணாவது பெரும்பாலும் தண்ணீர் குறைந்த செடி இல்லை, வேர் அழுகிய செடிதான் என்பார் அவர்.

போர்வெல், டேங்கர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் தொட்டி விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து, இலை ஓரம் கருகினால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் கூடுதல், அதை அப்படியே ஊற்றாதீர்கள். மழை பெய்யும்போது தொட்டிகளை வெளியே நகர்த்தி வைத்தால் உப்பு நன்றாகக் கழுவிக்கொண்டு போகும்.

ஜெயநகர்:
வைட்ஃபீல்டு அம்மா சொன்ன உப்பு, கட்டியாக விற்கும் தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டிலும் உண்டு. கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கலக்க வேண்டும். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. ஆரம்பத்துக்கு இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றச் சொன்னது என் மாமியார். மோரில் என்ன இருக்கிறதோ, செடி தழைக்கிறது, நான் வாதம் பண்ணுவதில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அது அப்படியே நின்றுவிடும். செத்துப்போச்சு என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், வெயில் ஏறினால் தளிர்க்கும். அந்த இரண்டு மாதமும் உரமும் வேண்டாம், தண்ணீரும் பாதி போதும்.

அல்சூரிலிருந்து:
ஜெயநகர் அக்கா, மாவுப்பூச்சிக்கு உங்கள் மாமியார் ஏதாவது வைத்திருக்கிறாரா? என் செம்பருத்தியில் (ஆமாம், அதை மட்டும் வாங்கித்தான் வந்தேன்) காம்பெல்லாம் பஞ்சு.

ஜெயநகர்:
முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் திரவம். சாயங்காலம் தெளியுங்கள், இலைக்கு அடியிலும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அதை விட்டுவைத்தால் பூச்சி திரும்ப வரும்.