ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் சூடாகிறதே, சரியா?

கேள்வி:
தானியத்தோடு போட்டு வைக்க ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் லேசாகச் சூடாகிறது, கெட்டுப்போனதா? சிலிக்கா ஜெல்லும் இதுவும் ஒன்றுதானா?

பதில் 1:
சூடானால் வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பது இரும்புத் தூளும் கொஞ்சம் உப்பும். காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இரும்பு துருவாகும்போது வெப்பம் வரும். காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், இறுக மூடிய ஜாடியில் அது 0.1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அப்புறம் பூச்சி பிழைக்க வழியில்லை. சிலிக்கா ஜெல் ஈரத்தை மட்டும்தான் இழுக்கும்.

பதில் 2:
சாதாரண பிளாஸ்டிக் பை வேண்டாம், காற்று மெல்லப் புகுந்துகொண்டே இருக்கும். கையில் பொட்டலம் கட்டியாக இறுகியிருந்தால் தீர்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

பதில் 3:
நன்றாகக் காய்ந்த பொருளுக்கு மட்டும் போடுங்கள், தயவுசெய்து. ஈரமிருந்தால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் (உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோய்) கிருமி நஞ்சை உண்டாக்கும்.